சிங்கோனா கஷாயமும் மலேரியாவும்

"சிங்கோனா பட்டையை அவித்துக் குடித்தால் மலேரியாவுக்கு மாத்திரையே வேண்டாம்" என்று மலையகத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்.

ஒரு துளி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரம் வளர்க்கத்தான். கோப்பி நோயில் அழிந்தபோது தோட்டத் துரைமார் இதையும் நட்டுப் பார்த்தார்கள். பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுத்த குயினைன் இன்றும் மலேரியாவுக்கு மருந்துதான். சரி, ஆனால் மரத்துக்கு மரம் அதன் அளவு மாறும். குறைந்தால் மலேரியா ஒட்டுண்ணி சாகாது. கூடினால் காது இரையும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். கஷாயச் சட்டியில் இதை யார் அளப்பது?

2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து தொற்றி வருவது மட்டும் நிற்கவில்லை. ஆப்பிரிக்கா, இந்தியா போய்வந்தபின் காய்ச்சலா? டாக்டரிடம் பயணத்தைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.