என் வீட்டு ஜன்னலுக்குள் நுழைய எந்தச் சட்டம் உரிமை கொடுத்தது?

ராத்திரி 11.30 மணிக்கு ஒரு கூம்பு ஒலிபெருக்கி ஜன்னலைப் பார்த்து அலறுகிறது. விடிந்தால் பிளஸ் டூ பரீட்சை. பிள்ளை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறது. கீழே இறங்கிப் போய், "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா" என்றேன். அவன் மைக்கைக் கீழே வைக்காமலே, "அக்கா, இது எங்க உரிமை. அரசியல் சட்டத்திலேயே இருக்கு" என்கிறான். மைக்கிலேயே சொன்னான்! தெருவே கேட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் பேச வாயைத் திறந்தால் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டான்.

எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பேச்சுரிமை தரும் 19ஆவது பிரிவுதான் நியாயமான கட்டுப்பாடுகளையும் சொல்கிறது. மத உரிமை தரும் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு என்றே தொடங்குகிறது. சென்னைக் குடியிருப்பு ஒன்றின் மக்கள் தொடுத்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2005இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: பேச உனக்கு உரிமை உண்டு, கேட்க மறுக்க எனக்கும் உரிமை உண்டு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. கோயிலோ மசூதியோ சர்ச்சோ கட்சிக் கூட்டமோ, எல்லாருக்கும் இதுதான்.

சரி என்று 100க்கு அடித்தால், "வருஷத்துக்கு ஒரு நாள்தானே மேடம், அனுசரிச்சுப் போங்க" என்கிறார்கள். ஒரு நாளா? போன மாதம் கட்சிக் கூட்டம், அதற்கு முன்னால் மஞ்சள் நீராட்டு, இப்போது இது. விழாவுக்காக நள்ளிரவு 12 வரை தளர்த்த வேண்டும் என்றால் மாநில அரசுதான் தளர்த்த வேண்டும், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. அந்த அனுமதி எங்கே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். குடிதண்ணீர் வரவில்லை என்று நாலு பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் ஜீப் வருகிறது. அனுமதி வாங்கினாயா, யாரைக் கேட்டு உட்கார்ந்தாய் என்று வேனில் ஏற்றுகிறார்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் அதே 19ஆவது பிரிவில்தானே இருக்கிறது? தண்ணீர் கேட்டவளுக்கு மட்டும் கட்டுப்பாடு, ஊரையே தூங்கவிடாதவனுக்கு உரிமையா? நியாயமான கட்டுப்பாடு என்பது எளியவன் வாயைப் பொத்த வைத்திருக்கும் துணியா?

அப்புறம் இன்னொன்று. அந்தக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டியிருக்கும் கம்பத்தில் தெருவிளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது. புகார் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் அந்த இருட்டில்தான் நடந்து வருகிறார்கள். முதலில் அந்த பல்பை மாட்டுங்கய்யா!