மிராண்டா உரிமையைச் சொல்லாவிட்டால் வழக்கே போய்விடுமா?

"அமெரிக்காவில் கைது செய்யும்போது போலீஸ் மிராண்டா உரிமைகளைச் (பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பவை) சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன்புதான் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சான்றாக அரசுத் தரப்பு காட்ட முடியாது, அவ்வளவுதான், மற்ற சாட்சியங்களை வைத்து வழக்கு நடக்கும். 1966-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த அரிசோனாவின் எர்னஸ்டோ மிராண்டாவே மறுவிசாரணையில், அந்த வாக்குமூலம் இல்லாமலே, மறுபடியும் தண்டிக்கப்பட்டார். இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாராவது போலீஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். சும்மா மௌனமாக இருந்தாலும் போதாது, அதே உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்புக்கு அப்புறம் வாயைத் திறந்தே சொல்ல வேண்டும்: "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்." பணம் இல்லையா? கடுமையான குற்ற வழக்குகளில் 1963 முதலே மாநில நீதிமன்றங்களும் வக்கீலை அமர்த்தித் தந்தாக வேண்டும், கேளுங்கள்.