சாயங்கால நடையும் நடைதான்

சர்க்கரை என்று தெரிந்ததுமே ஆளாளுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "விடியற்காலையில எழுந்து நட." இரவு கடையடைத்துவிட்டுப் பதினொன்றரைக்கு வீடு வருபவருக்கும் அதேதான், நைட் டியூட்டி பார்க்கும் நர்சுக்கும் அதேதான். சில நாள் கண்ணெரிச்சலோடு நடந்து பார்ப்பார்கள். அப்புறம் நடையே நின்றுபோகும். சாயங்காலம் நடந்திருக்கலாமே என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

நம் செல்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017இல் ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரப்படி உடலின் வெப்பம் விடிவதற்குச் சற்று முன் மிகக் குறைவாகவும், மாலையில் உச்சத்திலும் இருக்கும். வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸுக்குள்தான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குத் தசையின் பலம் மாலையில்தான் கூடுதல். 2004 ஏதென்ஸ் முதல் 2016 ரியோ வரையிலான நான்கு ஒலிம்பிக்குகளின் நீச்சல் நேரங்களை ஆராய்ந்தபோதும், வீரர்கள் மாலை ஐந்து மணி வாக்கில்தான் அதிவேகமாக நீந்தியிருந்தார்கள்.

சர்க்கரைக்கு வருவோம். விடியும் நேரத்தில் சர்க்கரையை ஏற்றும் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது, கல்லீரலும் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. இரவு ஒன்றும் சாப்பிடாமலேயே காலை அளவு கூடுவது இதனால்தான். அதன்மேல் மூச்சிரைக்கும் பயிற்சி செய்தால், அதேபோல் சர்க்கரையை ஏற்றும் அட்ரினலின் ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 சர்க்கரை உள்ள 11 ஆண்கள் இரண்டு வாரம் காலையிலும், இன்னொரு இரண்டு வாரம் பிற்பகலிலும் கடும் பயிற்சி செய்தார்கள். பிற்பகல் பயிற்சியில் சர்க்கரை குறைந்தது. காலைப் பயிற்சியில் கூடியது! சின்ன ஆய்வுதான், அதுவும் சாதாரண நடையைப் பற்றியதல்ல. அதை வைத்துக் காலை நடை கெடுதல் என்று நான் சொல்லவில்லை. காலையில் சுகமாக நடப்பவர்கள் தாராளமாகத் தொடருங்கள். எந்த நேரத்தில் நடந்தாலும் வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலை நடைதான் நடை என்ற பிடிவாதம் மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் தூக்கத்தில் லோ சுகர் ஆகலாம். நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தப் பிடிவாதத்தால் அதிகம் அவதிப்படுவது பெண்கள்தான் என்று நினைக்கிறேன். ஏழு மணிக்குள் டிபனும் மதியச் சாப்பாடும் கட்டித் தரவேண்டிய ஒருவர் காலையில் நடக்க வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழவேண்டும். தூக்கம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகும். அவருக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் டீ போடுவதையும் பிள்ளையின் ஹோம்வொர்க்கையும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.