'ஸ்மைல்' வந்தபோது சிலருக்கு ஏன் கசந்தது?

தொலைந்துபோன ஆல்பம் ஒன்று பல வருடம் கழித்து வெளியே வந்தால் ரசிகர்கள் துள்ளிக் குதிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குதிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதே கூட்டத்தில் இன்னொரு சாரார், "எல்லாம் சரி, ஆனா இது அது இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த இரண்டாவது சாராரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம்கூட இருக்கிறது. மீதிப் பாதியோடுதான் எனக்குச் சண்டை.

பேச்சு பிரையன் வில்சனின் 'ஸ்மைல்' பற்றி. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவுக்காக 1966-ல் தொடங்கி, 1967-ல் கைவிடப்பட்டு, கடைசியில் 2004-ல் அவரே தன் பெயரில் முதலிலிருந்து புதிதாகப் பதிவு செய்து வெளியிட்ட ஆல்பம். 24 வயதில் கை வைத்த வேலையை 62 வயதில் முடித்தார். 2025 ஜூனில் அவர் இறந்த பிறகு எனக்குத் தெரிந்த சிலர் இதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். கேட்ட வேகத்தில் அந்தப் பழைய சண்டையையும் தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள்: 2004 பதிவு அசலா, இல்லையா?

கொஞ்சம் முன்கதை சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1966 மே மாதம் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம். அக்டோபரில் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாட்டு. இந்தப் பாட்டு உருவான விதத்தைப் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் புரிந்துவிடும். பாட்டை முழுசாக வாசித்து, முழுசாகப் பதிவு செய்யவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஸ்டுடியோவில் ஒரு துண்டு, இன்னொன்றில் வேறு துண்டு என்று மாதக்கணக்கில் பதிந்தார்கள். அப்புறம் டேப்பை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டின இடம் காதில் விழும், விழட்டும் என்றே பிரையன் விட்டிருப்பார். திடீரென்று எல்லாம் அடங்கி ஆர்கன் மட்டும் நிற்கும் அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள், வேறொரு அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. சரி, ஒரு பாட்டுக்குச் செய்ததை ஒரு ஆல்பம் முழுக்கச் செய்வோம் என்று இறங்கினார். அங்கேதான் சிக்கினார்.

பாடல் வரிகளுக்கு வான் டைக் பார்க்ஸ். வீட்டில் பியானோவைச் சுற்றி மணல் கொட்டி, அதில் காலைப் புதைத்துக்கொண்டு மெட்டுப் போட்ட காலம் அது. கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் விளம்பரம் கொடுத்துவிட்டது. ஃப்ராங்க் ஹோம்ஸ் வரைந்த சிரிப்புக் கடைப் படத்தோடு உறைகள் லட்சக்கணக்கில் அச்சாகிவிட்டன. அந்த உறையின் பின்பக்கத்தில் 12 பாட்டுகளின் பெயர் இருக்கிறது. கூடவே ஒரு குறிப்பு: சரியான வரிசைக்கு இசைத்தட்டின் லேபிளைப் பார்க்கவும். இசைத்தட்டு வரவே இல்லை. அதனால் லேபிளும் இல்லை. அடுத்த 37 வருடச் சண்டைக்கும் வித்து இந்த ஒரு வரிதான் என்பேன்.

ஏன் நின்றுபோனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குழுவின் பாடகர் மைக் லவ்வுக்கு வரிகள் பிடிக்கவில்லை, புரியவும் இல்லை. நிறுவனத்தோடு ராயல்டி வழக்கு. போதைப்பொருள். பிரையனின் மனநிலையும் சறுக்கிக்கொண்டிருந்தது. 1966 நவம்பர் 28 அன்று கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் நெருப்பைப் பற்றிய ஓர் இசைத்துண்டைப் பதிந்தார்கள். வாசித்தவர்கள் எல்லாருக்கும் பொம்மைத் தீயணைப்புத் தொப்பி. வயலின்கள் சைரன் மாதிரி ஏறி இறங்கும், டிரம்ஸ் பின்னால் இடித்துக்கொண்டே வரும். கேட்டால் உண்மையிலேயே வயிற்றைப் பிசையும். சில நாளில் அந்தப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் எரிந்தது என்று தெரிந்ததும் தன் இசைதான் தீ வைத்துவிட்டது என்று பயந்துபோனார். டேப்பை அழித்துவிட்டதாகவும் பின்னாளில் சொன்னார். அழிக்கவில்லை, பத்திரமாகத்தான் இருந்தது. 1967 மே மாதம் குழுவின் மக்கள் தொடர்பாளர் டெரெக் டெய்லர், ஆல்பம் கிடையாது என்று எழுதிவிட்டார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏனென்றால் துண்டுகள் கசிந்துகொண்டே இருந்தன. 1969-ல் வந்த ஓர் ஆல்பத்தில் இரண்டு, 1971-ல் 'சர்ஃப்ஸ் அப்' பாட்டு என்று அதிகாரபூர்வமாகக் கொஞ்சம். அப்புறம் கள்ளப்பதிவு டேப்புகள். 1993-ல் வந்த தொகுப்புப் பெட்டியில் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கான பதிவுகள். இவற்றை வைத்துக்கொண்டு ரசிகர்கள் தாங்களே ஆல்பம் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் கேசட்டில், அப்புறம் சிடியில், கணினியில். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தத் துண்டு எந்தப் பாட்டுக்குச் சொந்தம், நிலம் நீர் காற்று நெருப்பு என்ற வரிசையில் காற்றுக்கான இசை எது, இப்படியெல்லாம் வக்கீல்கள் மாதிரி வாதாடினார்கள். எனக்கும் சொந்தமாக ஒரு வரிசை இருந்தது. 'சர்ஃப்ஸ் அப்'பில் முடியும். இன்றும் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்த நிலைமையில் ஒரு சுகம் இருக்கிறது, அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெளிவராத ஆல்பத்துக்கு ரசிகனும் ஒரு முதலாளி. தான் போட்ட வரிசை தப்பு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கேட்காத பாட்டு எல்லாமே நன்றாக இருக்கும். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைத் தோற்கடித்திருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம், மறுக்க ஆளில்லை. 2004-ல் பிரையன் வந்து, இதுதான் வரிசை, இவைதான் வரிகள் என்று சொன்னபோது அந்த முதலாளித்தனம் ஒரே நாளில் போய்விட்டது. உதட்டைப் பிதுக்கியவர்களில் பலருக்கு உள்ளே வலித்தது இதுதான் என்பது என் அனுமானம். குரல் மாறிவிட்டது, சத்தம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம் தேடிய காரணங்கள்.

அந்த மறுபதிவு நடந்த விதமும் கேட்க வேண்டிய கதை. பிரையனின் மேடைக் குழுவில் இருந்த டேரியன் சஹானஜா பழைய துண்டுகளை எல்லாம் மடிக்கணினியில் ஏற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஆல்பத்தின் பேரை எடுத்தாலே ஒதுங்கிவிடும் மனிதரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டில் பழைய வரி ஒன்று பிடிபடவில்லை. பிரையன் போனை எடுத்து வான் டைக் பார்க்ஸைக் கூப்பிட்டார். பார்க்ஸ் கிளம்பி வந்துவிட்டார். வரி இல்லாமல் கிடந்த மெட்டுகளுக்குப் புதிதாக வரி எழுதினார். துண்டுகள் மூன்று பகுதியாக இணைந்தன. 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முதல் மேடை. பார்க்ஸும் அரங்கில் இருந்தார். முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நிறுத்தவே மனமில்லை. வருடக்கணக்காகக் கள்ளப்பதிவு கேட்டு வளர்ந்தவர்கள் அழுதார்கள் என்றால் அதில் நாடகம் எதுவும் இல்லை. ஏப்ரலில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிந்து, செப்டம்பர் 28-ல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் 13-ம் இடம். எந்த நெருப்பு இசையைக் கண்டு நடுங்கினாரோ, அதன் புதுப் பதிவுக்குத்தான் அவருக்கு வாழ்க்கையின் முதல் கிராமி கிடைத்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். குரல் விஷயம் உண்மை, சப்பைக்கட்டுக் கட்ட மாட்டேன். 1966-ல் மேலே ஏறி மிதந்த குரல் 2004-ல் தரையில் நடக்கிறது. சில சொற்களை மென்று துப்புகிற மாதிரி பாடுகிறார். உச்சஸ்தாயிக்கு அவர் மேடைக் குழுவின் ஜெஃப்ரி ஃபாஸ்கெட் போன்றவர்கள் தோள் கொடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, பீச் பாய்ஸில் கூடப் பாடிய தம்பிகள் இருவரும் இல்லை. டென்னிஸ் 1983-ல் போய்விட்டார், கார்ல் 1998-ல். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடும்போது குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையுமே, அதை எவ்வளவு திறமையான குழுவாலும் செய்துகாட்ட முடியாது. இந்தக் குழு மிகத் திறமையான குழு, ஒரு சுருதிகூடப் பிசகவில்லை. பழைய டேப்பில் இருக்கும் அந்த லேசான கரகரப்பும் அவசரமும் மட்டும் இல்லை.

வரிசை பற்றிய குறையிலும் உண்மை உண்டு. 2004 ஆல்பம் ஏறக்குறைய 47 நிமிடம், மூன்று பகுதி. 1967 இசைத்தட்டுக்கு இரண்டே பக்கம். மூன்று பகுதிகளை இரண்டு பக்கத்தில் எப்படி வைத்திருப்பார்? வைத்திருக்க மாட்டார். ஆக, 1967-ல் வந்திருந்தால் இந்த வடிவில் வந்திருக்காது என்பது ஏறக்குறைய நிச்சயம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் "இது அசல் இல்லை" என்று சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் அசலைக் காட்டுங்கள், எங்கே இருக்கிறது? டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் 2023 வரை நான்கு ஆல்பங்களை மறுபதிவு செய்தார். பழசு பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் போட்டுப் பார்த்து எது பிடிக்கிறது என்று சொல்லலாம். பாடகி ஜோஜோ 13 வயதில் வெளியிட்ட முதல் ஆல்பமும் அதற்கடுத்ததும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காமல் போனதால் 2018-ல் இரண்டையும் புதிதாகப் பாடினார். அங்கேயும் அந்தச் சின்னப் பெண்ணின் குரலுக்காக ஏங்கலாம், பழைய சிடி யாரிடமாவது இருக்கும். 'ஸ்மைல்' விஷயத்தில் அந்த வசதி கிடையாது. முடிக்கப்பட்ட ஓர் ஆல்பம் இருந்து, அதைப் பூட்டி வைத்து, பிறகு நகலெடுத்தார்கள் என்றால் பேசலாம். இருந்தது துண்டுகள்தான். எதை எங்கே ஒட்டுவது என்று 24 வயது பிரையனுக்கே முடிவு செய்ய முடியவில்லை, அதனால்தான் நின்றது. அந்த முடிவை எடுத்தது 2004-ல்தான்.

இன்னொன்று. மறுபதிவு என்றாலே முகம் சுளிப்பவர்கள் 1967 செப்டம்பரை மறந்துவிடுகிறார்கள். 'ஸ்மைல்' கைவிடப்பட்ட சில மாதத்திலேயே 'ஸ்மைலி ஸ்மைல்' வந்தது. அதே பாட்டுகள் சிலவற்றைப் பிரையனின் வீட்டிலேயே எளிமையாக மறுபடி பாடிப் பதிந்தது. முதல் மறுபதிவு அது. 1971-ல் வந்த 'சர்ஃப்ஸ் அப்' பாட்டு இன்னும் வேடிக்கை. முன்பாதியில் 1966-ன் இசைமேல் கார்ல் புதிதாகப் பாடியிருக்கிறார், பின்பாதி பிரையன் 1966-ல் தனியாகப் பியானோவில் பாடியது, கடைசியில் வேறொரு பாட்டின் கோரஸ். ஒட்டுப்போட்ட சட்டைதான். ஆனால் அதைக் குறை சொல்லும் ஒரு ரசிகரைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கும் உயிர் அது. அதற்குக் கொடுக்கிற சலுகையை 2004-க்கும் கொடுத்தால் என்ன?

பிறகு 2011-ல் 'தி ஸ்மைல் செஷன்ஸ்' வந்தது, பழைய டேப்புகளின் பெரிய தொகுப்பு. அசல் கேட்டவர்களுக்கு இதோ அசல். ஆனால் முதல் சிடியில் ஆல்பம் போல அடுக்கியிருக்கிறார்களே, அந்த வரிசைக்கு எதை வழிகாட்டியாக வைத்தார்கள் தெரியுமா? 2004 ஆல்பத்தைத்தான். வேறு எதையும் வைக்க முடியாது. புதுசைப் பார்த்துப் பழசை அடுக்கினார்கள். அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டே 2004-ஐ நகல் என்று சொல்பவர்களிடம் எப்படி வாதாடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பக்தன் என்பீர்கள். 'குட் வைப்ரேஷன்ஸ்'ஸைக் கடைசியில் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த வெற்றிப் பாட்டில் முடித்தால் மேடையில் கைதட்டல் நிச்சயம், ஆனால் அதற்கு முன்னால் வரும் 'இன் ப்ளூ ஹவாய்' நெருப்பிலிருந்து தண்ணீருக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்போது, அதற்குமேல் ஒரு பாட்டு தேவையே இல்லை. அந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் நான் இன்றும் நிறுத்திவிடுவது உண்டு.

இதுவரை கேட்காதவர்கள் 2004-ஐ முதலில் கேளுங்கள், இடையில் நிறுத்தாமல், பாட்டு பாட்டாகத் தாவாமல். அதன் பிறகு 2011-ன் முதல் சிடி. அதற்கும் அப்புறம் 1966 டிசம்பரில் அவர் பியானோவில் தனியாகப் பாடிய 'சர்ஃப்ஸ் அப்'பை மட்டும் தனியே போட்டுக் கேளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் 2004 குரல் காதில் உறுத்தும், பழியை ஆல்பத்தின் மேல் போடுவீர்கள்.