ஒரு வீடு ஓட்டம், ஒரு வீடு நடை

எனக்கு 47 வயது. காரைக்குடியில் மெடிக்கல் கடை. காலை ஒன்பதரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுந்திருப்பது, நடுவில் சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்தால் அதுதான் உடற்பயிற்சி. ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்த கையால் போன வருடம் என் ரிப்போர்ட்டையே பிரித்துப் பார்த்தேன். கடைசி மூன்று மாதத்துச் சராசரி சர்க்கரையைச் சொல்கிற ஹெச்பிஏ1சி 6.2. இது 5.7 ஆனாலே சர்க்கரைக்கு வாசல்படி, 6.5 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்தாயிற்று. எடை 91 கிலோ. டாக்டர் ஈசிஜி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடவும் செய்யலாம்" என்றார். அந்த "மெதுவா" என்ற சொல் அன்றைக்குக் காதில் விழவேயில்லை.

இந்தப் பதிவே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

நம்ம ஆட்களுக்கு ஓட்டம் என்றால் என்ன? பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, நாய் துரத்தினால் ஓடுவது, பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நூறு மீட்டர் ஓடுவது. எல்லாமே உயிரைக் கொடுத்து ஓடுகிற ஓட்டம். மெதுவாக ஓடுவது என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நமக்கானது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் நானும் அப்படித்தான் கிளம்பினேன். புது ஷூ, பையனின் டிராக் பேன்ட். இரண்டு மின்கம்பம் தாண்டுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது, விலாவில் பிடித்துக்கொண்டது, ஒரு வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு வாட்ச்மேன் பெரியவர் பீடியை எடுக்காமலே கேட்டார், "என்ன தம்பி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" மெடிக்கல்காரன் விடியற்காலையில் ஓடினால் வேறு என்ன நினைப்பார் மனுஷன்.

கடை காரைக்குடி என்றாலும் குடியிருப்பது பக்கத்துச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில். எங்க ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணம், அறுபதாம் வயது சாந்தி என்றால்தான் கதவு திறக்கும். தொந்தி குலுங்க ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடையாது. விடியற்காலை ஐந்தேகாலுக்கு நேர் நேரான தெரு, இரண்டு பக்கமும் சுவர், பார்ப்பதற்கு ஆளில்லை. (சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் அரைக்கால் சட்டையோடு ஓடினால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஓடினால்தான் வீட்டில் ஏதோ விசேஷமோ விபரீதமோ என்று நினைக்கிறார்கள்.)

இரண்டாவது தடவை புத்தியோடு ஆரம்பித்தேன். ஜோஷ் கிளார்க் என்கிற அமெரிக்கர் 1996இல் தன் அம்மாவுக்காக எழுதிய ஒன்பது வாரத் திட்டம் ஒன்று இருக்கிறது, சோபாவில் கிடக்கிறவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது. வாரத்துக்கு மூன்று நாள்தான். முதல் வாரத்தில் ஐந்து நிமிஷம் விறுவிறு நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி மாற்றி மாற்றி இருபது நிமிஷம். எனக்கு போனைப் பார்த்துக்கொண்டு ஓட வராது. அதனால் கணக்கை வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். பக்கத்துச் சந்தில் முகப்பு மூலையில் கிளம்பி பின்கட்டுச் சுவர் முடிகிற வரை ஓட்டம், அடுத்த வீட்டு நீளம் முழுக்க நடை, மூச்சு அடங்கவில்லை என்றால் இன்னொரு வீடும் நடை. விநாடி சுத்தமாக இருந்திருக்காது, பரவாயில்லை, அம்மாவுக்கு எழுதியதுதானே.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். என் வேகத்தில் பால்கார அம்மா நடந்தே என்னைத் தாண்டிப் போனார். சிரிக்கவில்லை, அது பெரிய மனசு.

மூன்றாவது வாரம்தான் வம்பு வந்தது. மூச்சு நன்றாகப் பழகிவிட்டது, உடம்பு லேசாக இருந்தது, தெருவில் ஒரு காலேஜ் பையன் தாண்டிப் போனான், எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்து அவன் பின்னால் விட்டேன் ஓட்டம். மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாகக் குத்துவலி. இரண்டு வாரம் கடையில் ஐஸ் பையைக் காலில் கட்டிக்கொண்டு மாத்திரை விற்றேன். அப்புறம் படித்தபோதுதான் புரிந்தது: இதயமும் நுரையீரலும் சில வாரத்திலேயே பழகிக்கொள்ளும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போ போ" என்கும், கணுக்கால் "இரு இரு" என்கும். நடு வயதில் ஓட ஆரம்பித்து விட்டுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விழுந்திருப்பார்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடி வழிவழியாக வருவது. கிளம்புவதற்கு முந்தின வாரம் என் கடையில் பஞ்சும் பேண்டேஜும் தைலமும் வாங்க வருவார்கள், எழுபதைத் தொட்டவர்களும் உண்டு. புதிதாகப் போகிற பையன்களிடம் ஒரு பெரியவர் என் கல்லாவுக்கு முன்னாலேயே நின்று சொன்னது: "மொத நாள் கால் பறக்கும், பறக்க விடாத. அடக்கி நட." எத்தனை வருடமாகப் பில் போட்டுக்கொண்டே இதைக் கேட்டிருப்பேன்.

சரி, இன்னொரு எரிச்சல். ஓடுகிறேன் என்றதும் ஆளாளுக்கு வாட்ஸப்பில் ஃபௌஜா சிங் படத்தை அனுப்பினார்கள். 89 வயதில் லண்டனில் மாரத்தான் ஓடியவர், கை எடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பஞ்சாபில் விவசாயம் பார்த்த காலோடு ஓடினார், நான் ஸ்டூலில் தொங்கப்போட்ட காலோடு ஓடுகிறேன். அவர் படத்தைவிட, "இன்னைக்கு முடியலேன்னா நடந்துட்டு வாங்க" என்று வீட்டம்மா சொன்னதுதான் எனக்கு உதவியது.

எடை? ஏழு மாதத்தில் நாலு கிலோதான் குறைந்தது. மூன்று கிலோமீட்டர் ஓடினால் என் உடம்புக்கு ஏறத்தாழ 270 கலோரி செலவாகும், அதை வெள்ளைப் பணியாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் திரும்பச் சம்பாதித்துவிடலாம். எடைக்காக மட்டும் ஓடுகிறவர்கள் சீக்கிரம் வெறுத்துப்போவார்கள். ஆனால் ஹெச்பிஏ1சி 5.8க்கு வந்திருக்கிறது. மத்தியானம் கல்லாவில் தூங்கி வழிவதும் நின்றுபோனது.

போன வாரம் ஒரு கல்யாணம். நான் ஓடுகிற சந்தில் வருடக்கணக்காகப் பூட்டியிருந்த வீடு திறந்து, சீரியல் விளக்கு, வாழைமரம், வாசலை அடைத்துக்கொண்டு கார்கள். ஐந்தேகாலுக்குத் திண்ணை நிறைய ஜனம், காபி டபராவோடு. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் மூலையில் நின்றேன். அப்புறம் ஓடினேன், அதே ஆமை வேகத்தில், அத்தனை பேரும் பார்க்க. நடுத்திண்ணையிலிருந்து ஒரு வயசான ஆச்சி குரல் கொடுத்தார்கள், "மெல்லப் போப்பா, விழுந்துகிழுந்து வைக்காத."

"இதுக்கு மேல மெல்லப் போனா நிக்கத்தான் வேணும், ஆச்சி" என்றேன். திண்ணையே சிரித்தது. பின்கட்டுச் சுவர் முடிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கியம் முழுவதையும் ஓடிக்கொண்டேதான் சொல்லியிருக்கிறேன், நடுவில் ஒரு மூச்சுக்கூட வாங்காமல்.