மூடிக் கிடந்த ஜன்னலுக்கு 450 ரூபாய்

காலையில் பல் விளக்கும்போதே விமானக் கம்பெனியிடமிருந்து ஒரு மெசேஜ். "உங்கள் ஜன்னல் இருக்கை அனுபவம் எப்படி இருந்தது? 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்." எந்த ஜன்னலைச் சொல்கிறீர்கள் சாமி?

டில்லியிலிருந்து ஜெய்சல்மேர். சேலத்துக்காரனுக்கு வெட்டவெளி என்றால் மேட்டூர் அணை வற்றும்போது பார்த்ததுதான், அதனால் தார் பாலைவனத்தை மகளுக்கு மேலிருந்து காட்டலாம் என்று தனியாக 450 ரூபாய் அழுது அந்த சீட்டை வாங்கினேன். வழியெல்லாம் மேகம். கீழே இறங்க ஆரம்பித்ததும் மேகம் விலகி, பழுப்பாக ஏதோ தெரிகிறது, "அப்பா, ஒட்டகம்!" என்று அவள் மூக்கை வைத்து அழுத்துகிறாள் (ஒட்டகம் இல்லை, வேலிக்காத்தான் புதர்), அந்த நொடியில் அறிவிப்பு: விமானப்படைத் தளம், எல்லோரும் ஜன்னல் மறைப்பை இறக்குங்கள், போட்டோ கூடாது. பணிப்பெண் வந்து எங்கள் மறைப்பைத் தன் கையாலேயே இறக்கிவிட்டுப் போனார். மகள் மெதுவாக ஒரு விரல் அளவு ஏற்றினாள். திரும்பி வந்து இறக்கினார். மறுபடி அரை விரல். மறுபடி வந்தார். மூன்றாம் முறை என் மனைவி, "ஏங்க, நம்மளப் பிடிச்சு உள்ள போட்டுடப் போறாங்க" என்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லைப் பக்கத்துத் தளம், பாதுகாப்பு, எல்லாம் சரி. 2025 மே மாதம் உத்தரவாகவே வந்தது: படைத்தளங்களில் ஏறும்போது 10,000 அடி தாண்டும் வரை, இறங்கும்போது நிறுத்துமிடம் போய் நிற்கும் வரை மறைப்பு இறங்கியிருக்க வேண்டும் என்று. செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுமாம், தெரியட்டும், விடுங்கள். ஓடுபாதை ராணுவத்தோடது, மூடச் சொன்னால் மூடுகிறோம். ஆனால் மூடப் போகிறோம் என்று தெரிந்தே அந்த ஜன்னலை எனக்கு விற்றானே, அவனை என்ன செய்வது? டிபன் கடையில் இட்லிக்குக் காசு வாங்கிவிட்டு மூடியைத் திறக்காதே என்றால் நம் ஊரில் விடுவார்களா?

வயிற்றெரிச்சல் அது இல்லை. அந்த உத்தரவில் அவசர வழி வரிசை ஜன்னலுக்கு மட்டும் விலக்கு இருந்தது, அதை மூடக் கூடாது என்று. அங்கே ஒருத்தர். மொத்த விமானத்தில் பாலைவனம் தெரிகிற நாலைந்து பேரில் ஒருவர். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார், சக்கரம் தரையைத் தொட்டும் எழவில்லை.

ஏற்காடு பஸ்ஸில் துண்டு போட்டால் ஜன்னல் சீட். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் சேலம் முழுசும் காலடியில். ஒரு பைசா அதிகம் கிடையாது.

அதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு மலையிலிருந்து இறங்கும்போது நல்ல மழை, அந்த பஸ் ஷட்டரைப் பிடித்து நானும் கண்டக்டரும் சேர்ந்து தொங்கினோம், அசையவில்லை. மூட வேண்டியது மூடாது, திறந்திருக்க வேண்டியதை ஆள் வைத்து மூடினார்கள். கிளம்பும்போது கட்டி எடுத்துப் போன தட்டுவடை செட் மீதி இருந்தது, மொத்தமும் நமத்துப் போச்சு.