கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: பரவும் செய்தியில் எது சரி?

"உலகிலேயே பழமையான மரக்கட்டடம் இங்கிலாந்தின் கிரீன்ஸ்டெட் தேவாலயம், 845ல் கட்டியது" என்று ஒரு படத்தோடு செய்தி சுற்றுகிறது. படம் அசல்தான். சேதிதான் தப்பு.

எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமக் கோயில் இது. 845 யாரோ கட்டிவிட்ட கதையும் அல்ல. 1960ல் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிச் சொன்ன கணக்கு. 1995ல் மறுபடி ஆராய்ந்தபோது, மரங்கள் வெட்டப்பட்டது 1063க்கு முன்னால் இருக்காது என்று தெரிந்தது. அதாவது ஏறக்குறைய இருநூறு வருஷம் பிந்தியது. உலகிலேயே பழமையானது என்பதும் நிற்காது. ஜப்பானின் ஹோரியூஜி பௌத்தக் கோயில் அதைவிட முன்னூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. யுனெஸ்கோ பட்டியலிலேயே பார்க்கலாம்.

சுவர்தான் இங்கே அதிசயம். ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, தட்டையான பக்கம் உள்ளே, உருண்ட பக்கம் வெளியே வருகிற மாதிரி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதி இற்றுப்போனதால் 1848ல் அதை அறுத்துவிட்டுச் செங்கல் மேடைமேல் வைத்தார்கள். முழுக்க மரம் என்பதும் சரியில்லை; பீடம் இருக்கும் பகுதி பிற்காலச் செங்கல் கட்டு.

சுவரிலுள்ள சின்ன ஓட்டை, தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த துவாரமாம். பழைய வாசலை ஒட்டி இருப்பதால் புனித நீர் வைத்த மாடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேவாலயத்தின் இணையதளத்தில் வரலாறு இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.